சம்பளச் சீட்டுக்குள் 72 கெஜம் துணி

கேள்வி: ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். சம்பளச் சீட்டில் அடிப்படை, பஞ்சப்படி என்று இரண்டு வரி. "கவர்மென்ட் சொன்ன குறைந்தபட்சக் கூலி இவ்வளவுதாம்மா" என்கிறார் முதலாளி. அந்த 'இவ்வளவு' எங்கிருந்து வருகிறது?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: சோற்றுத் தட்டிலிருந்து. கேலியாகச் சொல்லவில்லை. 1948-ல் சட்டம் வந்ததே தவிர, கூலியை எதை வைத்து அளப்பது என்று அதில் இல்லை. 1957-ல் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில்தான் அரசு, முதலாளிகள், சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: வேலை செய்பவர் 1, மனைவி 0.8, பிள்ளைகள் இருவருக்கும் தலா 0.6, ஆக மூன்று ஆள் சாப்பாடு, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. வருஷத்துக்குக் குடும்பத்துக்கே 72 கெஜம் துணி, அதாவது சுமார் 66 மீட்டர் (ஒரு சேலைக்கு ஐந்தரை மீட்டர் போனால் மிச்சத்தில் என்னென்ன தைக்கலாம் என்று உங்களுக்குத்தான் தெரியும்). அப்புறம் வாடகை; விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு 20 சதவீதம். பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், பண்டிகை, கல்யாணம், வயதான காலம் எல்லாம் விட்டுப்போயிருந்தது. சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனித் தொழிலாளர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1991-ல்தான் அதற்கென்று 25 சதவீதம் சேர்ந்தது.

இந்தக் கணக்கில் நீங்கள் கடையில் இருக்கும்வரை 1, வீட்டுக்குப் போனால் 0.8. 1957-ல் அப்படித்தான் யோசித்திருக்கிறார்கள், இன்னும் யாரும் அழிக்கவில்லை.

சரி, பஞ்சப்படி. அடிப்படை வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், துவரம்பருப்பு விலை கிடக்காதே. அதனால் சென்னை நகர விலைவாசிக் குறியீட்டெண் எத்தனை புள்ளி ஏறுகிறதோ அதற்கேற்ப இந்த வரி ஏறும். முதலாளியிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்தத் தொகைக்குக் கீழே போகக்கூடாது என்பதுதான் சட்டம், மேலே போகக்கூடாது என்று எங்கும் இல்லை.

கேள்வி: ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலையை ஊறவைத்து வெட்டுகிற நேரத்துக்குக் காசு கிடையாதா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: தனியாகக் கிடையாது, ஆயிரத்துக்கான கூலிக்குள்ளேயே அடக்கம் என்பார்கள். இது எண்ணிக்கைக் கூலி, கடிகாரம் பார்க்காது. ஓட்டை இலை வந்தால் கூடுதலாக வெட்ட வேண்டும், ஆயிரம் தேறாவிட்டால் கைக்காசு போட்டு இலை வாங்க வேண்டும். நேரமும் காசும் உங்களுடையதுதான். ஒரு வாரம் மட்டும் இலை ஊறவைத்த நேரத்தையும் கடைசிக் கட்டு கட்டிய நேரத்தையும் பிள்ளையின் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கத்துக்காரர் கையில் அந்த நோட்டைக் கொடுங்கள்.