பாட்டைப் பகிர்ந்தால் யாருக்கு நஷ்டம்? வாசகர் கேள்விகள்

இணையத்தில் பாட்டுகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் சேவை ஒரு பாட்டைக்கூடத் தன்னிடம் வைத்திருக்கவில்லையே, பிறகு ஏன் தண்டித்தார்கள்?

பாட்டுகள் பயனர்களின் கணினியில்தான் இருந்தன. ஆனால் எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் நாப்ஸ்டரின் சர்வரில் இருந்தது. நடப்பது தெரிந்தும், தடுக்க வழியிருந்தும் தடுக்கவில்லை என்பதால் பொறுப்பு அதற்கும் உண்டு என்று 2001 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஜூலையில் சேவை நின்றது. பகிர்வு நிற்கவில்லை, மையப் பட்டியலே தேவைப்படாத மென்பொருள்களுக்கு மக்கள் மாறிவிட்டார்கள்.

பாட்டைப் பகிர்ந்த ரசிகர்கள் மீதே இசைக் கம்பெனிகள் வழக்குப் போட்டது நியாயமா?

இல்லை என்பேன். கம்பெனிகளின் நஷ்டம் உண்மைதான். ஒலிப்பதிவுக்குப் பணம் போட்டவர் அதைத் திரும்ப எடுக்க நினைப்பதில் தப்பில்லை. ஆனால் மினசோட்டாவில் ஒரு பெண்மணி மீது 24 பாட்டுகளுக்காக நடந்த வழக்கைப் பாருங்கள். 2007இல் ஜூரி விதித்த தொகை 2,22,000 டாலர். மறுவிசாரணையில் அது 19,20,000 டாலர் ஆனது! கடைசியில், 2012இல், மேல்முறையீட்டில் பழைய தொகையே நிலைத்தது. ஆப்பிளின் இணையப் பாட்டுக் கடையான ஐடியூன்ஸில் ஒரு பாட்டு அப்போது 99 சென்ட்.

அந்த ஐடியூன்ஸ் கடை 2003 ஏப்ரலில் திறந்த முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டுகள் விற்றன. கட்டுப்படியாகும் விலையில், சுலபமாகக் கிடைத்தால் ஜனங்கள் காசு கொடுக்கத் தயார்தான். கம்பெனிகள் இதை நாப்ஸ்டர் வந்த 1999லேயே செய்திருக்க வேண்டும்.

வாங்கிய சிடியை எம்பி3 ஆக்கி போனில் கேட்கலாமா?

தாராளமாக. சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் நகலெடுக்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதையே டெலிகிராம் சேனலில் ஏற்றினால் கதை வேறு.

மாதச் சந்தா கட்டுகிறேன். நான் கேட்கும் பாடகருக்குப் பணம் போகிறதா?

நேராகப் போவதில்லை. பெரும்பாலான தளங்களில் எல்லோர் சந்தாவும் ஒரே தொகுப்பில் சேர்ந்து, மொத்தமாக எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியதோ அந்த விகிதத்தில் பிரிகிறது. நீங்கள் மாதம் முழுக்க ஒரே கலைஞரைக் கேட்டாலும், உங்கள் காசின் பெரும்பங்கு வேறு யாருக்கோ போகும். அவரவர் சந்தாவை அவரவர் கேட்டவர்களுக்கே பிரித்துத் தர வேண்டும் என்பது என் கட்சி.

நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. ராயல்டியை வசூலித்துத் தரும் அமைப்பான ஐபிஆர்எஸ் மூலம் அவர்களுக்கு அது வந்தாக வேண்டும். சினிமாவுக்கு வெளியே இயங்கும் கலைஞர் என்றால், கலைஞர்களே தங்கள் இசையை விற்கும் பேண்ட்கேம்ப் போன்ற இணையதளத்தில் ஆல்பத்தை விலைக்கு வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் எடுப்பது அதிகபட்சம் 15 சதவீதமும் பரிவர்த்தனைக் கட்டணமும்தான்.