ரிக்வுட்டின் வலது மூலை

அன்புள்ள ஐயா,

அட்லாண்டாவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். காரில் இரண்டரை மணி நேரத்தில் பர்மிங்ஹாம். அங்குள்ள ரிக்வுட் ஃபீல்ட் பேஸ்பால் மைதானம்தான் அமெரிக்காவிலேயே பழையது என்கிறார்கள். உண்மையா? போய்ப் பார்க்கலாமா? அதைப் பற்றிய உங்கள் கட்டுரையில் பாதிக்கு மேல் கறுப்பர், வெள்ளையர் கதைதான். விளையாட்டில் எதற்கு ஐயா அரசியல்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்மைதான். தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் இன்றும் நிற்பவற்றில் அதுவே மூத்தது. 1910 ஆகஸ்ட் 18 அன்று திறந்தார்கள். கட்டியவர் ரிக் உட்வர்ட் என்ற இரும்பு ஆலை முதலாளி. பெயரும் அவருடையதே.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அரசியலை அங்கே கொண்டுபோனது நானா? வெள்ளையரின் பேரன்ஸ் அணி, கறுப்பரின் பிளாக் பேரன்ஸ் அணி, இரண்டுக்கும் அதுதான் மைதானம். பேரன்ஸ் ஆடும் நாளில் கறுப்பர்களுக்கு வலது மூலையில் கூரையில்லாத இருக்கைகள், மறிக்கக் கோழிவலை. நான் போனபோது பள்ளிப் பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். அந்த மூலையில் போய் நின்றேன். பையன் மட்டையை வீசி முடித்த பிறகுதான் ‘டக்’கென்ற சத்தம் என்னிடம் வந்து சேர்ந்தது. முகம் தெரியவே இல்லை. அவ்வளவு தூரத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள், அதற்கும் காசு வாங்கிக்கொண்டு.

என் அப்பா டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக் கிரிக்கெட் வர்ணனை கேட்பார். வர்ணனையாளரை வீட்டு மனிதரைப்போலத்தான் பேசுவார்: “அவரே சொல்லிட்டாரு, அவுட்டுதான்.” பேரன்ஸ் ஆட்டங்களுக்கும் அப்படி ஒரு குரல் இருந்தது. தந்தியில் வரும் நாலு சொல்லை வைத்துக்கொண்டு, நேரில் பார்ப்பதுபோலவே ரேடியோவில் ஆட்டத்தைச் சொல்வார். ஊரே அந்தக் குரலுக்குச் சொந்தமானது. அந்தப் புகழில்தான் 1934இல் தேர்தலில் நின்று ஜெயித்தார். அவர் பெயர் புல் கானர். 1963இல் அதே பர்மிங்ஹாமில், போலீசுக்கும் தீயணைப்புக்கும் பொறுப்பாளராக இருந்து, ஊர்வலம் வந்த கறுப்பினப் பிள்ளைகள்மேல் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவினாரே, அவரேதான். ஆட்டத்தைச் சொன்ன வாய்தான் அந்த உத்தரவையும் போட்டது. இதில் எதை விட்டுவிட்டு நான் எதை எழுதுவது, சொல்லுங்கள்?

இன்னும் கேளுங்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டாடக் கூடாது, தாயக்கட்டை உருட்டக் கூடாது, பேஸ்பால் ஆடக் கூடாது என்று அந்த நகரத்தில் சட்டமே இருந்தது. 1954இல் நகர ஆட்சிக்குழு கொஞ்சம் தளர்த்தியது. மக்கள் ஓட்டுப் போட்டு அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மக்கள்தான், எஸ்.! பேரன்ஸ் ஆடிவந்த லீக் கடைசிவரை மனம் மாறாமல் 1961 முடிவில் கலைந்தது. இரண்டு வருடம் அந்த அணியே இல்லை. 1964இல்தான் இரு நிறத்தவரும் ஒரே சட்டையில் இறங்கினார்கள்.

உங்களைத் திட்டுவதாக நினைக்காதீர்கள். விளையாட்டை விளையாட்டாகவே பார்க்க ஆசைப்படுகிறீர்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. 1948இல் வில்லி மேஸ் என்ற பதினேழு வயதுப் பையன், பள்ளியில் படித்துக்கொண்டே, அங்கே பிளாக் பேரன்ஸுக்கு ஆடினான். பின்னாளில் பேஸ்பாலின் மகா ஆட்டக்காரர்களில் ஒருவன். 2024 ஜூன் 20 அன்று அவரைக் கௌரவிக்கும் விதமாகப் பெரிய லீக் ஆட்டம் ஒன்றை ரிக்வுட்டில் வைத்தார்கள். இரண்டு நாள் முன்பு, தொண்ணூற்று மூன்று வயதில், அவர் போய்விட்டார். அன்று தொலைக்காட்சியில் ரெஜி ஜாக்சன் பேசினார். 1967இல் அங்கே ஆடிய கறுப்பின ஆட்டக்காரர். ஹோட்டலில் சாப்பிடவிடாமல், தங்கவிடாமல் விரட்டப்பட்டதைச் சொன்னார். ஐம்பத்தேழு வருடம் கழித்தும் அந்த வலி அவர் பேச்சில் அப்படியே இருந்தது.

போகலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். போங்கள், பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. கோடையாக இருந்தால் காலையிலேயே. அந்த வலது மூலையில் நிழல் கிடையாது.