ஒரு பக்க மஃப்ளரில் ஓட்டை: இரண்டையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: நீலாங்கரையில் வசிக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2017 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி கார் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே எடுப்பேன். இப்போது இடது பக்க மஃப்ளரில் (சத்தத்தை அடக்கும் சைலன்ஸர் டப்பா) துரு அரித்து ஓட்டை விழுந்துவிட்டது. ஒரு மெக்கானிக் ‘ரெண்டையும் சேர்த்து மாத்திடுங்க சார்’ என்கிறார். இன்னொருவர் ‘மஃப்ளரே வேணாம், நேர் பைப் போட்டுடலாம், பவரும் ஏறும்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? போலீஸ் தொந்தரவு வருமா?

பதில்:

நேர் பைப்பை முதலில் தள்ளிவிடுங்கள். அதில் ஏறுவது சத்தம்தான், பவர் இல்லை. உங்கள் காரில் மஃப்ளர் இரண்டும் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், பம்பருக்கு அடியில் உட்கார்ந்திருக்கின்றன. புகை அங்கே வந்து சேர்வதற்குள் அதற்கு இருக்கும் நெருக்கடியெல்லாம் ஹெடரிலும் (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் குழாய்கள்) கேட் கன்வர்ட்டரிலுமே (நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் டப்பா) முடிந்துவிடும். கடைசியில் இருக்கும் டப்பாவைக் கழற்றினால் ஓட்டுபவருக்குத் தெரிகிற அளவு வேகம் கூடாது. காது அதிர்வதால் வண்டி சீறுகிற மாதிரி ஒரு பிரமை வரும், அவ்வளவுதான்.

போலீஸ் விஷயம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 120-வது விதி சைலன்ஸர் கட்டாயம் என்கிறது. காருக்குத் தயாரிப்பு நிலையிலேயே 74 டெசிபல் என்ற ஒலி வரம்பு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-வது பிரிவில், சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும். உரிமையாளரே வண்டியை மாற்றி அமைத்தால் 182ஏ(4)-வது பிரிவு தனியாக வரும். கம்பெனி கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பி.யு.சி. சர்டிஃபிகேட் காட்டித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த டெஸ்ட் புகையைப் பார்க்கிறது, சத்தத்தை அளப்பதே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஈ.சி.ஆரில் உங்களுடையது மாதிரி எட்டு சிலிண்டர் வி8 வண்டி நேர் பைப்போடு போனால் போலீஸுக்குச் சத்தத்தை அளக்க மீட்டரும் தேவையில்லை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டி என்றால் கதை வேறு. உங்களுடையது நம்பர் பிளேட்டோடு ரோட்டில் ஓடும் வண்டி. அதே ஸ்பெசிஃபிகேஷனில் புது மஃப்ளர் போடுவது ரிப்பேர் கணக்கு, அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்றை இரண்டு மெக்கானிக்கும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மஃப்ளரை மாற்றியவர்களில் பலர் சீக்கிரமே பழையதைத் தேடுவது சத்தம் அதிகம் என்பதற்காக அல்ல. ஒரே ஒரு வேகத்தில் காருக்குள் ‘ம்ம்ம்’ என்று மண்டையைக் குடையும் இரைச்சலுக்காக. டிரோன் என்பார்கள். வி8 எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கிறது. 1,800 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 120 வெடிப்பு, அதாவது 120 ஹெர்ட்ஸ். ஆறாவது கியரில் 90, 100-ல் மாமல்லபுரம் போகும்போது உங்கள் எஞ்சின் சுற்றுவது ஏறக்குறைய அந்த இடத்தில்தான். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் கொழுத்து ஒலிக்கும் அல்லவா, கார் கேபினும் அப்படித்தான் இந்தத் தாழ்ந்த சுருதியைப் பிடித்துக்கொள்கிறது. கடை வாசலில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை இரண்டு உறுமு உறுமிக் காட்டுவார்கள். அதில் இது தெரியவே தெரியாது. அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டினால்தான் தலைவலி ஆரம்பிக்கும்.

இது மஃப்ளரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு ரகத்தில் உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஒலி அலை மோதித் திரும்பி ஒன்றை ஒன்று கொல்லும். தாழ்ந்த சத்தத்தை அடக்க இது கெட்டி. இன்னொரு ரகத்தில் ஓட்டை ஓட்டையாகத் துளைத்த நேர் குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி நார் அல்லது பசால்ட் கம்பளி. கீச்சு சத்தத்தை நன்றாக உறிஞ்சும், 120 ஹெர்ட்ஸ் முன்னால் கை கட்டி நிற்கும். அந்த நாரும் நாளாக நாளாகக் கருகிக் காற்றோடு போய்விடும், சத்தம் வருடத்துக்கு வருடம் ஏறும். உள்ளூரில் கட்டித் தரும் ஸ்போர்ட்ஸ் மஃப்ளர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் ரகம், செய்வது சுலபம் என்பதால். விஷயம் தெரிந்த ஃபேப்ரிகேட்டர் (பைப் வெட்டி ஒட்டி மஃப்ளர் கட்டித் தருபவர்) என்றால் பைப்பின் பக்கவாட்டில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு முனை மூடிய கிளைக் குழாய் வைத்து டிரோனை அடக்குவார். அந்த நீளம் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஆர்.பி.எம்.மில் இரைச்சல் என்று அவர் திருப்பிக் கேட்டால் ஆள் சரியான ஆள். ‘எல்லா வண்டிக்கும் இதேதான் சார்’ என்றால் அடுத்த கடை பாருங்கள்.

சரி, ஏன் துரு பிடித்தது? கடல் காற்று ஒரு காரணம். பெரிய காரணம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. எஞ்சினும் பைப்பும் நன்றாகச் சூடானால் அது ஆவியாக வெளியேறிவிடும். திருவான்மியூர் வரை போய்த் திரும்பினால் பின்னால் இருக்கும் மஃப்ளர் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடும். தண்ணீர் உள்ளேயே அமிலம் கலந்து தங்கி ஆறு நாள் அரிக்கும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது நல்லது என்று நினைக்கிறோமே, அது மஃப்ளருக்குச் செய்யும் கெடுதல். புது மஃப்ளரின் அடியில் பொடித் துளை இருந்தால் கம்பெனிக் கோளாறு என்று அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வடியத்தான் அது.

இரண்டா, ஒன்றா என்ற கேள்விக்கு வருகிறேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி, வலது மஃப்ளரின் அடித் தையலிலும் குழாய் சேரும் இடத்திலும் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். தகடு ‘டங்’ என்று கெட்டியாக இருந்தால் இடது பக்கத்துக்கு மட்டும் ஒரிஜினல் வாங்கினால் போதும். சொதசொதவென்று அமுங்கினாலோ, ரப்பர் சுத்தியால் தட்டும்போது உள்ளே கலகலத்தாலோ இரண்டையும் மாற்றுங்கள். ஒரிஜினல் இல்லாமல் வேறு கம்பெனி மஃப்ளர் வாங்குவதாக இருந்தால் கண்டிப்பாக ஜோடியாகத்தான். வலதும் இடதும் வெவ்வேறு குரலில் பேசினால் பின்னால் வருகிறவர் சிரிப்பார். ஓட்டை மேல் பேட்ச் வெல்டிங் வைப்பது வேண்டாம். அரித்த தகடு மெலிந்திருக்கும், வெல்டிங் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

அதுவரை ஓட்டலாமா? நேராக ஒர்க்‌ஷாப்புக்கு என்றால் போகலாம், ஜன்னலை இறக்கிவிட்டு. ஓட்டை டிக்கிக்கு அடியில் இருப்பதால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏற வழி உண்டு. அதற்கு வாசனையே கிடையாது.

ஸ்டீல் பார்க்கும்போது சட்டைப் பையில் ஒரு சின்ன காந்தம் இருக்கட்டும். 304 ரக ஸ்டெயின்லெஸ் என்றால் ஒட்டாது; வளைத்த இடத்தில் லேசாக இழுக்கலாம், அது சகஜம். பச்சக் என்று ஒட்டினால் 409 ரகமாகவோ அலுமினியம் பூசிய சாதா இரும்பாகவோ இருக்கும். 409 மோசமான சரக்கு அல்ல, கார் கம்பெனிகளே பயன்படுத்துவதுதான். ஆனால் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் உங்களுக்கு 304-தான் தாங்கும், அதிலும் நல்ல வெல்டிங் அமைந்தால்தான். கட்டாயம் ஆர்கான் வெல்டிங் (காற்று படாமல் ஆர்கான் வாயு மூடி ஒட்டுவது) கேளுங்கள். பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட்டு ஒட்டினாரா என்று மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். உட்புறத் தையல் பளபளவென்றோ இளம் பொன் நிறத்திலோ இருக்க வேண்டும். கரடுமுரடாகச் சர்க்கரைப் பாகு முறிந்து பூத்த மாதிரி கருப்பாக இருந்தால் துரு ஆரம்பிக்கப் போவது அங்கேதான்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. முந்தின நாளே பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப் நட்டுகளுக்கு டபிள்யூ.டி. 40 ஸ்ப்ரே அடித்து ஊற விடச் சொல்லுங்கள், பாதி மல்லுக்கட்டு குறையும். மஃப்ளரைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கர்கள் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். வெடிப்பு விட்டிருந்தால் அவற்றையும் புதிதாகப் போடுங்கள். பழைய கிளாம்பைத் திரும்ப மாட்ட விடாதீர்கள். யு-போல்ட் வகையும் வேண்டாம், பைப்பை நசுக்கிவிடும், பட்டையாகச் சுற்றிப் பிடிக்கும் வகை நல்லது. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, இரண்டு முனையும் பம்பரில் அதனதன் வெட்டுக்கு நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். பம்பருக்கும் பைப்புக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி அவசியம். ஒன்றரை மீட்டர் ஸ்டெயின்லெஸ் பைப் 300 டிகிரி சூடேறினால் ஏழெட்டு மில்லிமீட்டர் நீளும். இடம் இல்லையென்றால் பம்பர் பிளாஸ்டிக் உருகும். வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடிக்க வேண்டிய நிலை வந்தால் பேட்டரியைக் கழற்றாமல் ஆரம்பிக்க விடாதீர்கள், பெட்ரோல் டேங்க் எவ்வளவு பக்கம் என்பதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டத்தில் லேசாகப் புகையும் எண்ணெய் கருகும் வாடையும் வரும், கவலை வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்புகளை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், வேலை நடக்கும்போது முன்னால் இருக்கும் கேட் கன்வர்ட்டரில் யாரும் கை வைக்கவில்லை என்பதைப் பக்கத்தில் நின்றே பாருங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் பழைய கன்வர்ட்டருக்கு நல்ல விலை உண்டு. இந்த வேலைக்கு அதைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.