அடித்தால்தான் பாட்டு வருமா? – கேள்வி பதில்

சங்கீத வகுப்புகளில் பிள்ளைகள் படும் அடி, ஏச்சு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறைப் பக்கமிருந்தும் நிறைய வந்தன. நான் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலுமாக வயலினும் வாய்ப்பாட்டும் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

ஆரையம்பதி, ஒரு தாய்: டீச்சர், மகளுக்கு 12 வயது. வயலின் பழகுகிறாள். சேர் கெட்டிக்காரர், அவரிடம் படிக்கிற பிள்ளைகள் சோதனையில் நல்ல பெறுபேறு எடுக்கிறார்கள். ஆனால் சுருதி பிசகினால் வில்லாலேயே விரல் மொளியில் அடிப்பார். பக்கத்தில் வேறு நல்ல ஆள் இல்லை. பொறுத்துக்கொண்டு விடலாமா?

விடக்கூடாது, தங்கச்சி. பிள்ளைக்கு வலிக்கிறது என்ற ஒன்றே போதும். ஆனால் பெறுபேறு பற்றி நீங்கள் எழுதியதால் சங்கீதப் பக்கத்தையும் சொல்கிறேன்.

வீணையில் விரல் வைக்கும் இடத்தைக் காட்ட மெட்டுக் கட்டைகள் இருக்கின்றன. வயலினில் விரல் விழ வேண்டிய இடத்தைக் காட்ட எதுவும் இல்லை, காதுதான் விரலை நகர்த்த வேண்டும். எப்போது அடி விழுமோ என்று காத்திருக்கிற பிள்ளையின் காது சுருதியில் நிற்காது, சேரின் கையில்தான் நிற்கும். தோள் மேலே ஏறிவிடும். இடது பெருவிரல் வயலினின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும். வில்லுப் பிடிக்கிற கை விறைத்துப்போகும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு இளகின கை வேண்டும், அந்தக் கை வராது. பிறகு அதே சேர் "இவளுக்குக் கை இளகவில்லை" என்று உங்களிடம் முறைப்பாடு சொல்வார்.

ஒரே உருப்படிகளை மாதக்கணக்கில் திருப்பித் திருப்பி வாசித்தால் பெறுபேறு வரும், அதற்கு அடி தேவையில்லை. மகளை வீட்டில் வைத்து மோகன ராகத்தில் தானாக இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஸ்வரம் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பயந்து படித்த பிள்ளை பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்புவிக்கும். தானாக ஒன்று வாசி என்றால் கை நின்றுவிடும், பெரியவர்களின் முகத்தைப் பார்க்கும். பிழை விடத் துணிந்தால்தான் மனோதர்மம், அதாவது தானாகக் கற்பனை செய்து வாசிக்கிற திறமை, வரும். பிழைக்கு அடி விழும் இடத்தில் யார் துணிவார்கள்? எதற்காகப் பிள்ளையை அங்கே அனுப்பினோமோ அதையே விலையாகக் கொடுத்துவிட்டு வருகிறோம். எனக்கு இதில் மிகவும் நோகிற விஷயம் அதுதான்.

அடுத்த வகுப்புக்கு நீங்களும் போய் உள்ளே இருங்கள். "இனிமேல் பிள்ளையில் கை வைக்க வேண்டாம் சேர்" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். "அப்படியென்றால் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றாரானால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். இந்த வயதில் பேர்பெற்ற ஆசிரியர்தான் வேண்டும் என்றில்லை. அமெரிக்காவில் பெஞ்சமின் புளூம் என்ற கல்வியாளர், இளமையிலேயே பெரிய நிலைக்கு வந்த 120 பேரை ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார். அவர்களில் பியானோ கலைஞர்களும் இருந்தார்கள். அவர்களின் முதல் ஆசிரியர்களில் பெரும்பாலானோர் அக்கம்பக்கத்துச் சாதாரண ஆசிரியர்கள். பிள்ளைகளோடு அன்பாக இருந்தவர்கள், வகுப்புக்கு வரும் ஆசையை உண்டாக்கியவர்கள். கடுமையான பயிற்சி பிறகுதான் வந்தது.

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற ஒருவர்: எங்களை அடித்துத்தான் படிப்பித்தார்கள். நாங்கள் கெட்டா போனோம்? பெரிய வித்துவான்கள் எல்லாரும் அடிபட்டு வந்தவர்கள்தானே?

ஐயா, அடி தாங்காமல் வகுப்பை விட்டுப்போனவர்களையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அவர்கள் மேடையில் இல்லாததால் நம் கண்ணில் படுவதில்லை. உங்களோடு முதல் பாடமான சரளி வரிசை தொடங்கியவர்களில் இன்று யார் பாடுகிறார்கள் என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள்.

பெரிய வித்துவான்கள் பற்றிக் கேட்டீர்கள். வட இந்தியாவில் மைஹர் என்ற ஊரில் இருந்த இசைக் குரு உஸ்தாத் அலாவுதீன் கானின் கோபம் பேர்போனது. பின்னாளில் பெரிய சரோட் கலைஞரான மகன் அலி அக்பர் கானை மரத்தில் கட்டிவைத்தார் என்பது அந்த வீட்டிலேயே இருந்து படித்த சிதார் கலைஞர் ரவிசங்கர் சொன்ன செய்தி. அலி அக்பர் வீட்டை விட்டே ஓடியவர். ஆனால் 1938இல் அங்கே போய்ச் சேர்ந்த ரவிசங்கரை அந்தக் குரு அடிக்கவில்லை. ஒருமுறை கடுமையாக ஏசியதற்கே அவர் பெட்டி கட்டிப் புறப்பட்டார், அலி அக்பர்தான் சமாதானப்படுத்தி நிறுத்தினார். ஒரே வீடு, ஒரே குரு. ஒருவர் அடிபட்டார், மற்றவர் படவில்லை. இருவரும் உலகறிந்த கலைஞர்கள் ஆனார்கள். அப்படியென்றால் வித்தையைக் கொடுத்தது அடி என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேருக்கும் பொதுவாகக் கிடைத்தவை அந்தக் குருவின் ஞானமும், நாள் முழுக்கச் செய்த சாதகப் பயிற்சியும்.

அக்கரைப்பற்று, ஒரு தகப்பன்: ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் பழகினால் பெரிய ஆளாக வரலாம்? மகனின் டீச்சர் ஒரே இருப்பில் ஐந்து மணித்தியாலம் என்கிறா.

ஒரே இருப்பில் வேண்டாம். பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றி ஆண்டர்ஸ் எரிக்சன் குழு 1993இல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லாரும் "பத்தாயிரம் மணித்தியாலம் பழகினால் பெரிய ஆளாகலாம்" என்று சொல்லித் திரிகிறார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: மிகச் சிறந்த மாணவர்கள் பயிற்சியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, இடையில் ஓய்வெடுத்தார்கள், மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கினார்கள், பகலிலும் ஒரு குட்டித் தூக்கம் போட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அரை மணித்தியாலம் வீதம் காலையும் மாலையும் போதும். மணிக்கட்டு நொந்தால் அன்றைக்கு நிறுத்த வேண்டும்.

வந்தாறுமூலை, கூத்து ஆடுகிற தம்பி: கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவியாரும் பயங்கரமாக ஏசுவார். ஆனால் எங்களுக்கு அவரில் வெறுப்பு வந்ததில்லை. அது ஏன்?

நல்ல கேள்வி தம்பி, வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

கூத்துப் பழக்குவது ஊருக்கு முன்னால் நடக்கிற வேலை. சட்டம் கொடுத்த (ஆளுக்காள் பாத்திரமும் பாட்டும் பிரித்துக் கொடுத்த) நாளிலிருந்து சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழுக் கூத்தையும் ஒத்திகை பார்த்து), அரங்கேற்றம் வரும் வரைக்கும் மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகுவீர்கள். சுற்றிவர ஆட்கள் இருப்பார்கள். கூத்தைப் பொறுப்பெடுத்து நடத்துகிற மனேச்சர் இருப்பார், தாய் தகப்பன், மாமன் மச்சான் இருப்பார்கள். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு ஏசினால் அதை அத்தனை பேரும் கேட்கிறார்கள். எல்லை தாண்டினால் வயதில் மூத்த ஒருவராவது "போதும் அண்ணாவியார்" என்பார். அதைவிட, அவர் ஏசுவது தாளம் தப்பினதற்கு. உன் குடும்பத்தையும் உன் தோற்றத்தையும் அவர் இழுப்பதில்லை. ஏசி முடிந்ததும் அவரே எழும்பி அந்த ஆட்டத்தை ஆடிக் காட்டுவார், பிறகு எல்லாரும் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிப்பீர்கள். எந்த அண்ணாவியாரும் பிழையே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. பிழை செய்தால் அதைப் பார்க்க ஆள் இருக்கிறது.

வாய்ப்பாட்டும் வயலினும் அப்படியில்லை. ஒரு அறை, ஒரு ஆசிரியர், ஒரு பிள்ளை, சாத்தின கதவு. இங்கிலாந்தில் சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி நடந்த அரச விசாரணை, வதிவிடப் பள்ளிகள் குறித்த அறிக்கையை 2022இல் வெளியிட்டபோது இசைப் பள்ளிகளைத் தனியாக எடுத்துப் பேசியது. தனித்து நடக்கும் வகுப்பு, பிள்ளையின் எதிர்காலமே அந்த ஆசிரியரின் கையில் இருப்பது, அவருடைய பேரும் புகழும் எல்லாம் சேர்ந்து ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது அதன் முடிவு. நம் ஊருக்கும் அது பொருந்தும். அதனால் கூத்திலிருந்து ஒன்றையாவது எடுத்துக்கொள்வோம்: கதவு திறந்திருக்கட்டும். திண்ணையில் படிப்பிக்கலாம், இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து வைக்கலாம், தாய்மார் வந்து இருக்கலாம். இதற்கு மறுப்புச் சொல்கிற ஆசிரியரிடம் பிள்ளையை விட வேண்டாம்.

திருக்கோவில், ஒரு அக்கா: தம்பிக்கு 14 வயது. நன்றாகப் பாடினவன், இப்போது குரல் உடைகிறது. வேண்டுமென்றே செய்கிறான் என்று டீச்சர் அடிக்கிறா.

வேண்டுமென்று செய்யவில்லை. அந்த வயதில் ஆண்பிள்ளைகளின் குரல்நாண் நீளும், தடிக்கும். குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். சுருதியைக் குறைத்து, மந்தரத்தில் மெதுவாகக் கொஞ்ச நேரம் பாடவிடுங்கள். மேல் ஸ்தாயியை இப்போதைக்குத் தொட வேண்டாம். கத்திப் பாடவைத்தால் குரல் நிரந்தரமாகப் பழுதாகலாம். டீச்சருக்கு இதைக் காட்டுங்கள்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்: எனக்கு 17 வயது. படிப்பிக்கிற சேர், கை பிடித்துக் காட்டுவதுபோல் வேறு இடங்களில் தொடுகிறார். இரவில் மெசேஜ் போடுகிறார். வீட்டில் சொன்னால் மேடை ஏற விடமாட்டேன் என்கிறார்.

மகள், இதில் உன் பிழை ஒரு துளியும் இல்லை. இனி அந்த வகுப்புக்குப் போகாதே. மெசேஜ்களை அழிக்காதே, அப்படியே வைத்திரு. அம்மாவிடமோ, நீ நம்புகிற ஒரு பெரியவரிடமோ இன்றைக்கே சொல். 1929க்கு அழைத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோடு தமிழில் கதைக்கலாம். பொலிஸில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம் இருக்கிறது. உன் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். 18 வயது தாண்டியவர்களுக்கு இதே நிலை என்றால் 1938 பெண்கள் உதவி இலக்கம். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம்.

மேடை அவருடைய சொத்தில்லை. சென்னையில் 2018 ஒக்டோபரில் மியூசிக் அகாடமி, பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டு எழுந்த ஏழு இசைக் கலைஞர்களை அந்த வருட டிசம்பர் விழாவிலிருந்து நீக்கியது. 2023இல் அதே ஊரில் கலாக்ஷேத்ரா என்ற கலைக் கல்லூரியின் மாணவிகள் இதே தொந்தரவுக்கு எதிராக வெளியே வந்து போராடினார்கள். கர்நாடக சங்கீத உலகத்தில் இதற்கெல்லாம் வாய் திறக்க முடியாது என்று ஒரு காலம் இருந்தது. இப்போது திறக்கிறார்கள்.

காரைதீவு, ஒரு பாட்டி: குருவை மாற்றுவது குருத்துரோகம் இல்லையா பிள்ளை? எங்கள் ஊர் விபுலானந்த அடிகள் உடம்பை வருத்தித்தானே பழந்தமிழர் இசை பற்றிய யாழ் நூல் எழுதினார்?

அம்மா, அடிகளார் வருத்தினது தன் உடம்பை. வளர்ந்த மனிதராக, தானே தேர்ந்து எடுத்த வேலைக்காகப் பல வருடம் அப்படி உழைத்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் நூல் அரங்கேறியது, அடுத்த மாதமே காலமானார். அந்தத் தியாகத்தைக் கும்பிடுகிறேன். ஆனால் இன்னொருவரின் பிள்ளையை வருத்துவதற்கு அதைச் சாட்டாக எடுக்க முடியாது. குருவை மாற்றுவது துரோகமில்லை. வெற்றிலை, தட்சணை வைத்து, படிப்பித்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வரலாம். போக முடியாத அளவுக்குப் பயமென்றால் அதுவும் வேண்டாம். பிள்ளை எடுத்த சான்றிதழ் பிள்ளையின் பெயரில்தான் இருக்கிறது, அடுத்தவரிடம் அங்கிருந்து தொடரலாம்.

கல்லடி, 23 வயது: சங்கீதச் சோதனையில் ஆறாம் தரம் வரை முடித்தேன். ஒரு ஸ்வரம் பிசகினாலும் "உன் அம்மா உன்னைப் பெற்றிருக்கவே வேண்டாம்" என்பார் படிப்பித்தவர். இப்போது சுருதிப்பெட்டியைப் போட்டாலே தொண்டை அடைக்கிறது. பாடுவதை விட்டு இரண்டு வருடம். சங்கீதம் எனக்குள் செத்துப்போய்விட்டதா?

சாகவில்லை மகள். செத்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டாய்.

முதலில் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காட்டலாம். வருஷக்கணக்காக இறுக்கிப் பாடினவர்களுக்குக் குரல்நாணில் முடிச்சு வருவதுண்டு. உடம்பில் ஒன்றும் இல்லையென்றால், அந்த வார்த்தைகள்தான் தொண்டையில் நிற்கின்றன. அதற்கு ஒரு உளவள ஆலோசகரோடு கதைப்பது நல்லது. இரவில் தாங்க முடியாமல் போனால் மனநல உதவி இலக்கங்களான 1926 அல்லது 1333க்கு எடு.

வீட்டில் இதைச் செய்து பார். அவர் படிப்பித்த எதையும் இப்போதைக்குத் தொடாதே, வர்ணம், கீர்த்தனை ஒன்றும் வேண்டாம். சுருதிப்பெட்டியும் வேண்டாம். அம்மம்மா பாடின தாலாட்டு, கோயிலில் கேட்ட காவியம், ஊஞ்சல் பாட்டு, எது தானாக வாயில் வருகிறதோ அதை, சமைக்கும்போதோ குளிக்கும்போதோ முணுமுணு. யாருக்கும் பாடிக் காட்டாதே. சில மாதம் கழித்து வேறு கட்டைச் சுருதியில், வேறு அறையில், அவரிடம் படிக்காத ஒரு ராகத்தைத் தொட்டுப் பார். அது வராவிட்டாலும் பரவாயில்லை. சங்கீதம் இல்லாமலும் நீ முழு மனுஷிதான். உன்னிடம் அவர் சொன்னதற்காக, ஒரு ஆசிரியையாக, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கல்முனை, புதிதாக வகுப்பு எடுக்கும் ஒருவர்: வீட்டு வகுப்புக்கும் சட்டம் இருக்கிறதா? அடிக்காமல் எப்படிக் கண்டிப்பாக இருப்பது?

சட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் அடிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் தடுக்கின்றன. ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமாக நடத்துவதையும் தடுக்கிற அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. தண்டனைச் சட்டக்கோவையின் 308ஏ பிரிவு, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கும் எவர் கொடுமை செய்தாலும் பொருந்தும். உங்கள் வீட்டு விறாந்தையும் அதற்குள் வரும்.

கண்டிப்பு என்றால் ஆசிரியருக்குத்தான் நேரமும் பொறுமையும் செலவாகும். அடி ஆசிரியரின் வேலையைக் குறைக்கிறது, அதனால்தான் கை அங்கே போகிறது. ஒரு சங்கதி (பாட்டு வரியை மாற்றிப் பாடும் ஒரு வடிவம்) பிசகினால் பாடும் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். நீங்கள் ஒருதரம் பாடுங்கள், பிள்ளை ஒருதரம் பாடட்டும். ஃபோனில் பதிவு செய்து, எங்கே பிசகியது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சரியாக வரும்வரை அடுத்த உருப்படியைக் கொடுக்காதீர்கள், தாய் வந்து அவசரப்படுத்தினாலும் கொடுக்காதீர்கள். அரங்கேற்றத்துக்கு நாள் குறித்துவிட்டுப் பிள்ளையைத் துரத்தாதீர்கள், பிள்ளை தயாரான பிறகு நாள் பாருங்கள். கோபம் வந்தால் எழும்பிப் போய்த் தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். பிள்ளை அழுதால் அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, என்ன நடந்தது என்று தாயிடம் நீங்களே சொல்லுங்கள்.