பழைய வீடு, புதிய மின்பெட்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் வீடு 1964-இல் தாத்தா கட்டியது. ரீப்பர் ஒயரிங் (மரச்சட்டத்தில் கிளிப் அடித்து இழுத்த ஒயர்), பீங்கான் ஃபியூஸ். இரண்டு அறைகளில் ஏ.சி. வைத்த பிறகு ஃபியூஸ் அடிக்கடி போகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 32 ஆம்பியர் எம்.சி.பி. (அளவு மீறினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டால் தொல்லை தீரும் என்கிறார் மின்பணியாளர். போடலாமா? (கும்பகோணம்)

வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டு ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. அது காப்பாற்றுவது ஏ.சி.யை அல்ல, சுவரில் ஓடும் ஒயரை. அந்தக் காலத்தில் விளக்குக்கும் விசிறிக்கும் இழுத்தது பெரும்பாலும் 1/18 அல்லது 3/22 ஒயர் (18 கேஜில் ஓர் இழை, அல்லது 22 கேஜில் மூன்று இழை). இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1.2 சதுர மில்லிமீட்டர்தான். 32 ஆம்பியர் எம்.சி.பி.யில் 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் அது விழக் கூடாது என்பதே அதன் தர விதி. அந்த ஒரு மணி நேரமும் உங்கள் தாத்தா காலத்து ஒயர் வெந்துகொண்டிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு வீட்டுக்குப் போனேன். கூடத்தில் புதுப் பெட்டி பளபளவென்று இருந்தது. பரணுக்கு மேலே ரீப்பரில் கை வைத்தேன், சுட்டது. கிளிப்பை நெம்பியதும் ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதன் அருகிலேயே பழைய பாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பாய்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

ஆகவே பெட்டியைக் கடைசியில் மாற்றுங்கள். முதலில் 500 வோல்ட் மெக்கர் என்ற கருவி கொண்டு ஒயரின் காப்பை (மின்சாரம் கசியாமல் உறை தடுக்கும் திறனை) சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனைத் திரும்ப இழுத்தே ஆக வேண்டும். அளவு நன்றாக வந்தாலும் ரப்பர் ஒயரை நான் விட்டுவைக்க மாட்டேன். ஏ.சி.க்கும் கீசருக்கும் பெட்டியிலிருந்தே தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. சமையலறைப் பவர் பிளக்குக்கு 2.5 ஒயர், 16 ஆம்பியர். விளக்கு லைனுக்கு 1.5 ஒயர், 6 அல்லது 10 ஆம்பியர் போதும். ஒயரைப் பார்த்துத்தான் எம்.சி.பி.

வேலை முடியும்வரை ஃபியூஸ் கட்டையில் ஒயர் இழையை உரித்துச் சுற்றாதீர்கள். ஈயம் பூசிய செம்பு ஃபியூஸ் கம்பி 0.2 மி.மீ. தடிமன் இருந்தால் 5 ஆம்பியர், 0.5 மி.மீ. இருந்தால் 15 ஆம்பியர். தடிமன் கொஞ்சம் கூடினாலும் தாங்கும் அளவு எங்கேயோ போய்விடும்.

புதிதாகப் போட்ட ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் விழும் சுவிட்ச்) மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது. அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடலாம் என்கிறார்கள். (நாகர்கோவில்)

கழற்றச் சொல்பவரிடம் அடுத்த வேலையைக் கொடுக்காதீர்கள். எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. ஆளைக் கொல்ல 0.1 ஆம்பியர் போதும். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. ஆர்.சி.சி.பி.யோ 0.03 ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை.

மழையில் விழுகிறது என்றால் மொட்டைமாடி விளக்கு, வாசல் விளக்கு, மோட்டார், ஊறிய சுவரில் உள்ள சுவிட்ச் பெட்டி ஆகியவற்றில் தேடுங்கள். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினால் பெரும்பாலும் குற்றவாளி சிக்கிவிடும். சில சமயம் எல்லாம் இறங்கியிருந்தும் ஆர்.சி.சி.பி. நிற்காது. ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை (மின்சாரம் வரும் கம்பியை) மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் (திரும்பும் கம்பி) எங்கேயோ எர்த்தை (தரையில் இறக்கிய பாதுகாப்புக் கம்பியை) தொட்டுக்கொண்டிருக்கும். பழைய வீடுகளில் ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைனுக்கு இரவல் வாங்கியிருப்பார்கள். அதையும் பிரித்தாக வேண்டும். உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால் கீசர் காயிலையும் சோதியுங்கள்.

எங்கள் வீட்டில் எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் இணைத்திருக்கிறார்கள். ஐம்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லை. மாற்ற வேண்டுமா? (மதுரை)

அந்தக் குழாயில் ஒரு பகுதியையாவது இடையில் பிளாஸ்டிக்காக மாற்றியிருப்பீர்கள். அன்றே எர்த் போய்விட்டது. யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். இனி கசிவு ஏற்பட்டால் மீதமுள்ள இரும்புக் குழாயில் மின்சாரம் ஏறி, குளியலறைக் குழாயைத் திறப்பவர் கையில் இறங்கும். இந்த வாரமே அதைத் துண்டித்துவிட்டு, முறையாகக் குழி தோண்டி 2.5 மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இறக்குங்கள். கோடையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

எர்த் இல்லாவிட்டாலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். ஆனால் எர்த் இருந்தால் கசிந்த கணமே விழும். இல்லாவிட்டால் ஒருவர் தொடும்வரை காத்திருக்கும்.

மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? (சேலம்)

சுமை அதிகமென்றால் வாங்கத்தான் வேண்டும். ஆனால் நியூட்ரல் முனையை ஒருமுறைக்கு இருமுறை முறுக்கச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸில் நியூட்ரல் தளர்ந்தால், சுமை குறைந்த ஃபேஸில் 230-க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கிவிடும். ஃபிரிட்ஜும் தொலைக்காட்சியும் ஒரே நேரத்தில் கருகும். சுமையை மூன்றுக்கும் சமமாகப் பங்கிடுவதும் அவசியம்.

இரும்பு மெயின் சுவிட்சை நானே கழற்றி மாற்றலாமா? கைப்பிடியை இறக்கிவிட்டால் மின்சாரம் இருக்காதே? (திருச்சி)

கைப்பிடியை இறக்கினாலும் மீட்டரிலிருந்து வரும் முனைகளில் மின்சாரம் இருக்கும். மீட்டர் சீலை உடைக்க உங்களுக்கு உரிமையும் இல்லை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்தச் செய்து, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை வைத்து மாற்றுங்கள். பழைய சுவிட்ச் சிலவற்றில் நியூட்ரலுக்கும் ஃபியூஸ் இருக்கும். அது மட்டும் உருகினால் விளக்கு எரியாது, ஆனால் ஃபேஸ் உயிரோடு இருக்கும். உங்களுடையதிலும் அப்படி இருந்தால், மாற்றும் நாள்வரை விளக்கு எரியவில்லையே என்று நம்பி எந்தச் சுவிட்சையும் திறக்காதீர்கள்.