வேலை, உடம்பு, உள்ளாட்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: நோய் வராமல் பார்த்துக்கொள்வது ஆஸ்பத்திரியின் பொறுப்பா, ஊரை நிர்வகிக்கிறவர்களின் பொறுப்பா? நான் எந்தக் கட்சி என்பது பதில்களைப் படித்தால் தெரிந்துவிடும். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

நான் நகர்மன்ற உறுப்பினர். வருடா வருடம் சர்க்கரை, ரத்த அழுத்த முகாம் நடத்துகிறோம், துண்டுப் பிரசுரம் கொடுக்கிறோம். நோயாளிகள் எண்ணிக்கை குறைந்தபாடில்லை. எங்கே தப்பு?

முகாமில் தப்பில்லை, முகாமோடு நிறுத்திக்கொள்வதில்தான் தப்பு. அங்கே யார் வருகிறார்கள் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். பகலில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள், ஏற்கெனவே உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், இவர்கள்தான் வருவார்கள். தினக்கூலிக்குப் போகிறவர் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வரமாட்டார், ஆனால் ஆபத்து அதிகம் இருப்பது அவருக்குத்தான். துண்டுப் பிரசுரம் தினமும் நடக்கச் சொல்கிறது, நடப்பதற்கு நடைபாதையைக் காணோம். அந்த நடைபாதையைப் போடும் அதிகாரம் எந்த டாக்டரிடமும் இல்லை, உங்கள் மன்றத்திடம் இருக்கிறது.

பழைய உதாரணம்தான், ஆனாலும் சொல்கிறேன். 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், செத்தவர்கள் எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். அவர் சொன்னதைக் கேட்டு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தது அந்தப் பகுதியின் நிர்வாகக் குழு. அதற்குள் நோய் தணிய ஆரம்பித்திருந்தது என்பதும் உண்மை, ஸ்னோவே அதை மறைக்கவில்லை. ஆனால் 'இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்' என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகாமல் கைப்பிடியையே கழற்றினார்கள் பாருங்கள், உள்ளாட்சி செய்ய வேண்டியது அதைத்தான்.

வேலைவாய்ப்பு உதவியைச் சுகாதாரத் திட்டம் என்கிறார்கள். வேலை கிடைத்தால் உடம்பு தேறுமாம். என் உடம்பைக் கெடுத்ததே வேலைதான், இது என்ன கதை?

நீங்கள் சொல்வதும் சரி, அவர்கள் சொல்வதும் சரி. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வேலை இல்லாமல் போனால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு சிற்றூர். ஊர் முழுக்கச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஜவுளி ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மரீ யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே போய் ஆராய்ந்து 1933இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்றுகொண்டு, தெருவில் போகிறவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், வழியில் எத்தனை முறை நிற்கிறார்கள் என்றுகூடக் குறித்திருக்கிறார்கள். வேலை இழந்த ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், இடையிடையே நின்றார்கள், போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை. வீட்டு வேலை காத்துக்கொண்டிருந்த பெண்கள் விறுவிறுவென்று போனார்கள். நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நேரம் மட்டும்தான் கைநிறைய இருந்தது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாமல் போயிற்று.

அந்த இடம் இப்போது கிராமட்நொய்சீடல் என்ற ஊராட்சியில் இருக்கிறது. 2020 அக்டோபரில் அதே ஊரில் அரசு வேலைவாய்ப்புத் துறை ஒரு திட்டம் தொடங்கியது: ஓராண்டுக்கு மேல் வேலை இல்லாதவர் எவருக்கும் ஒரு வேலை உறுதி, சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நீண்டகால வேலையின்மை ஊரில் பெரிய அளவில் இறங்கியது. சேர்ந்தவர்களுக்கு வருமானம் உயர்ந்தது, நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்தது, நாலு பேரோடு பழக்கம் வந்தது, ஊரில் மரியாதை கூடியது. ஆனால் உடல்நோய்களில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. இதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் வேலை கொடுத்தால் சர்க்கரை குறையும் என்று மேடையில் அளந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் பக்கம். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு என்று ஒன்று உண்டு. அத்தனை பேரும் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள், நிரந்தரச் சம்பளக்காரர்கள். இருந்தும் கடைநிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் மேல்நிலையில் இருந்தவர்களைப் போல ஏறத்தாழ 3 மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் போகவில்லை. 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு காரணம் பிடிபட்டது: தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் ஒரு சொல்லும் செல்லாத ஊழியருக்கு இதய நோய் அபாயம் கூடுதல். மேலே இருப்பவருக்குத்தான் டென்ஷன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

ஆகவே ஒரு திட்டம் ஆட்களை எந்த வேலையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது என்று கேளுங்கள். அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்றே தெரியாத, மூன்று மாதத்தில் முடிந்துபோகிற வேலைக்குப் பிடித்துத் தள்ளிவிட்டு அதைச் சுகாதாரத் திட்டம் என்று சொன்னால் உங்களோடு சேர்ந்து நானும் சண்டைக்கு வருவேன்.

தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையில் ஓரளவு நன்றாக இருக்கிறான், வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். உதவி மையத்தில் 'முதலில் பயிற்சி, பிறகு பார்க்கலாம்' என்று இரண்டு வருடமாக மெழுகுவர்த்தி செய்ய வைக்கிறார்கள்.

இந்தக் கேள்வியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. முதலில் தயார்படுத்துவோம், பிறகு வேலை என்ற முறைதான் நெடுங்காலம் எல்லா இடத்திலும் இருந்தது. 1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் அதைத் தலைகீழாக்கினார்கள்: ஆசைப்படுகிறவருக்கு முதலில் சம்பளம் தரும் நிஜமான வேலை, கற்றுக்கொள்வதெல்லாம் அந்த வேலையில் இருந்துகொண்டே. ஐரோப்பாவின் 6 நகரங்களில் 312 பேரிடம் இதைப் பழைய முறையோடு ஒப்பிட்டு 2007இல் முடிவு வெளியானது. ஒரு நாளாவது வேலை பார்த்தவர்கள் புதிய முறையில் 55 சதவீதம், பழைய முறையில் 28 சதவீதம். வேலை அழுத்தத்தில் நோய் திரும்பிவிடும் என்ற பயமும் பொய்த்தது, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் புதிய முறையில்தான் குறைவு.

நடைமுறையில் இதற்குத் தேவை ஓர் ஆள். சிகிச்சை தரும் குழுவிலேயே ஒருவராக இருக்கும் வேலைவாய்ப்பு ஆலோசகர். அவர் தம்பியிடம் என்ன பிடிக்கும் என்று கேட்பார், சில வாரங்களிலேயே முதலாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது தம்பிதான். மாத்திரையால் காலையில் தூக்கம் கலையவில்லையா, பத்து மணிக்குத் தொடங்கும் வேலையாகப் பார்ப்பார். வேலை கிடைத்ததோடு கைகழுவிவிடவும் மாட்டார். உங்கள் மையத்தில் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள்.

நான் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல நகராட்சி யார்?

உங்கள் தட்டில் கைவைக்க வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நியூயார்க் நகரம் 2006 டிசம்பரில் ஓட்டல் சமையலில் டிரான்ஸ் கொழுப்புக்கு (வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும், இதயத்துக்குக் கெடுதலான கொழுப்பு) கட்டுப்பாடு விதித்தபோது யாருடைய சுதந்திரம் போயிற்று? கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத ஒன்றை யாரும் விரும்பிக் கேட்டு வாங்கவில்லை. அந்த மாநிலத்தில் இப்படிக் கட்டுப்பாடு வந்த மாவட்டங்களை வராத மாவட்டங்களோடு ஒப்பிட்டால், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மாரடைப்பு, பக்கவாதத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது கூடுதலாக 6.2 சதவீதம் குறைந்திருந்தது. லண்டன் போக்குவரத்து நிறுவனம் 2019 பிப்ரவரியில் தன் ரயில், பஸ்களில் நொறுக்குத்தீனி விளம்பரங்களைக் கட்டுப்படுத்தியது. அப்புறம் வீட்டுக்கு வீடு அந்த வகைத் தின்பண்டங்கள் வாரத்துக்குச் சுமார் 1,000 கலோரி அளவுக்குக் குறைவாகவே வாங்கப்பட்டன, விளம்பரம் தொடர்ந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடிய அளவோடு ஒப்பிட்டால். கடையில் எதையும் யாரும் தடை செய்யவில்லை.

ஏழு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி என்னுடையது. சம்பளத்தோடு நோய் விடுப்பு கொடுக்கச் சொன்னால் கட்டுப்படியாகுமா?

காய்ச்சலோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் மறுவாரம் மூன்று பேர் படுப்பார்கள், அந்தச் செலவையும் கணக்கில் எழுதுங்கள். சான்பிரான்சிஸ்கோ நகர மக்கள் 2006 நவம்பரில் ஓட்டுப்போட்டு இந்த விடுப்பைக் கட்டாயமாக்கினார்கள், அமெரிக்காவில் அதுதான் முதல் நகரம். இப்படிச் சட்டம் போட்ட இடங்களில் ஃப்ளூ போன்ற காய்ச்சல்கள் குறைந்தன என்று பிற்பாடு ஆய்வுகள் காட்டின. நீண்ட நாள் படுத்தவர் விஷயத்தில், 'முழுசாகக் குணமான பிறகு வா' என்று சொல்லாதீர்கள். எவ்வளவு நாள் விலகியிருக்கிறாரோ அவ்வளவுக்குத் திரும்பி வருவது கடினம். பிரிட்டனில் 2010இலிருந்து டாக்டர் சான்றிதழிலேயே நான்கு வழிகள் இருக்கின்றன: படிப்படியாகத் திரும்புவது, நேரத்தை மாற்றுவது, பணியை மாற்றுவது, இடத்தில் வசதி செய்வது. ஏழு பேர் கம்பெனியில் முதல் இரண்டுக்குச் செலவே இல்லை.

எங்கள் பேரூராட்சியில் பணம் கிடையாது. எதிலிருந்து தொடங்குவது?

உங்கள் டெண்டரிலிருந்து. ஊரில் பெரிய முதலாளிகளில் ஒருவர் நீங்கள்தான், அதை மறந்துவிட்டுத்தான் எல்லோரும் சுகாதாரம் பேசுகிறார்கள். குப்பை அள்ளும் ஒப்பந்தத்தில் கையுறையும் பூட்ஸும் யார் தருவது, வார விடுமுறை உண்டா, சம்பளம் எந்தத் தேதி, உடல் பரிசோதனைக்குப் போகிற நாளுக்குக் கூலி உண்டா, நீண்ட நாளாக வேலை இல்லாத உள்ளூர்க்காரர் எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்று ஐந்து வரி சேர்த்தால் போதும். கொஞ்சம் விலை கூட்டிக் கேட்பார்கள், கேட்கட்டும். ஆனால் மேற்பார்வை இல்லாவிட்டால் அந்த வரிகள் தாளிலேயே தங்கிவிடும், மாதம் ஒரு முறை விடியற்காலையில் போய் யார் கையில் உறை இருக்கிறது என்று பார்க்க ஓர் ஆளைப் போடுங்கள். ஆண்டறிக்கையில் எத்தனை முகாம், எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுவதோடு நிறுத்தாமல், உங்கள் உதவியால் வேலையில் சேர்ந்தவர்களில் ஆறு மாதம் கழித்தும் அதே வேலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். விட்டுப் போனவர்களை நேரில் பார்த்து ஏன் என்று கேட்டு அதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.