முதல் பூவைத் திருத்தாதீர்கள்

கேள்வி: பிங்க் நெயில் பாலிஷ் மேல் வெள்ளையில் ஐந்து இதழ்ப் பூ வைக்கிறேன். இதழ் கொஞ்சம் கோணலாகிவிட்டதே என்று திருத்தப் போனால் அடியிலிருக்கும் நிறமும் சேர்ந்து பெயர்ந்து வருகிறது. ஒரே நகத்தை நான்கு தடவை அழித்துவிட்டேன். கோளாறு என் கையிலா, பாலிஷிலா? – வாசகி, மதுரை

பதில்: இரண்டிலும் இல்லை, திருத்தத்தில்தான். எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாவதால்தான் பாலிஷ் காய்கிறது. நீங்கள் மேலே வைக்கும் புதுத் துளியிலும் அதே கரைப்பான்தான். ஒருமுறை தொட்டு எடுத்தால் அடியிலிருக்கும் நிறம் தாங்கும். மறுபடி தேய்த்தால் இளகிவிடும். வெள்ளை இதழில் பிங்க் கோடு ஓடுவது அதனால்தான்.

பேஸ் கோட் (நிறத்துக்கு முன் போடும் நிறமற்ற அடிப்பூச்சு) போட்டு, நிறத்தை மெல்லியதாக இரண்டு பூச்சு கொடுங்கள். இடையில் மூன்று நிமிடமாவது விடவேண்டும். பிறகு 15 நிமிடம் தொடாதீர்கள். பக்கத்துப் பக்கத்து நகங்களை லேசாக ஒட்டிப் பாருங்கள். பிசுபிசுத்தால் இன்னும் காயவில்லை.

குண்டுத்தலை ஊசி ஒன்றைப் பென்சிலின் பின்பக்க ரப்பரில் குத்திக்கொண்டால் பிடிக்க வசதி. அதன் தலையால் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஓர் இதழ். வெள்ளையை ஒரு பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். அது சீக்கிரம் கெட்டியாகி, புள்ளி வால் விடும். அப்போது புதுச் சொட்டு எடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகத் தொட்டால்தான் அளவு ஒன்றாக வரும். ஊசியை நேராக இறக்கி நேராகத் தூக்குங்கள், சுழற்றாதீர்கள். வரிசையாகச் சுற்றி வந்தால் கடைசி இதழுக்கு இடம் போதாது. மனித உருவம் போல முதலில் தலை, பிறகு இரண்டு கால், அப்புறம் இரண்டு கை என்று வையுங்கள். இடைவெளி தானே சமமாக விழும்.

வைத்த பூவை அப்படியே விட்டுவிட்டு, கையை நீட்டிப் பாருங்கள். கண்ணருகே உறுத்திய அரை மில்லிமீட்டர் கோணல் அந்தத் தூரத்தில் காணாமல் போகும். அப்போதும் உறுத்தினால் பத்து நிமிடம் கழித்து, அதே இதழின் மேல் சற்றுப் பெரிய புள்ளி ஒன்று. இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு பச்சை இலை. அழிக்கவே வேண்டாம்.

பயம் போகாதவர்கள் பூவுக்கு மட்டும் அக்ரிலிக் பெயிண்ட் எடுக்கலாம். நீரில் கரைவதால் காய்ந்த பாலிஷை அது ஒன்றும் செய்யாது. தவறினால் உடனே ஈரமான இயர்பட்ஸால் துடைத்துவிடலாம். டாப் கோட் (கடைசியில் போடும் நிறமற்ற மேல்பூச்சு) மட்டும் கட்டாயம். எந்த முறையானாலும் பூ பத்து நிமிடம் காய்ந்தபின், டாப் கோட்டைப் பிரஷில் நிறைய எடுத்து, பிரஷின் முடி நகத்தில் உரசாமல் துளியை மட்டும் இழுத்துச் செல்லுங்கள். அழுத்தினால் இதழ் கலைந்துவிடும்.

கேள்வி: கெட்டியான பாலிஷில் ரிமூவர் ஊற்றலாமா? – வாசகி, திருச்சி

பதில்: கூடாது, பூச்சின் தன்மையே கெட்டுவிடும். நெயில் பாலிஷ் தின்னர் இரண்டு மூன்று சொட்டு போதும். குலுக்கினால் குமிழி வரும். பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள்.